மறுவாய் இல்லாத பாலம்

ஜீப் சர்வேயரையும் அவருடைய துணையாளையும் அந்தச் சாலையில் இறக்கிவிட்டுப் போனபோது மழை விட்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சர்வேயருக்குக் கண் சொக்கியது.

உள்ளாட்சி எல்லைக்குள் உள்ள சிறுபாலங்களை எல்லாம் கண்டுபிடித்து, அளந்து, வரைபடத்தில் ஏற்றுவதுதான் அவர் வேலை. சிறுபாலம் என்றதும் ஆறும் தூணும் நினைவுக்கு வர வேண்டாம். சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் கடந்துபோகப் போட்ட சிமெண்டுக் குழாய், அவ்வளவுதான். தினமும் அதன் மேல்தான் போகிறோம், வருகிறோம். ஒருநாளாவது குனிந்து பார்த்திருப்போமா? சர்வேயரின் பிழைப்பே குனிந்து பார்ப்பதுதான்.

துணைக்கு வந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். ஒல்லிக்குச்சி உடம்பு, ஓயாத வாய். குழாய்க்குள் தவழ்ந்து போய் நடுவில் விரிசல் ஏதும் உண்டா என்று போட்டோ எடுத்து வருவார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை வெளியே நின்று சர்வேயர் விட்டுக்கொடுப்பார்.

"ஒரு நாளாச்சும் நீ உள்ள போயேன் மாப்ளே."

"நான் போனா குழாய் அடைச்சுக்கும் மச்சான். அதுக்கும் நாமதான் ரிப்போர்ட் எழுதணும்."

"என் தங்கச்சி கைப்பக்குவம் அப்படி. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல."

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழாயின் இரண்டு வாயையும் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே இறங்க வேண்டும். இந்தப் பக்கம் டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். ஆனால் இங்கே சாலையின் மறுபக்கம் ஆள் உயரத்துக்கு முட்புதர். அதை வெட்டி வழி பண்ணுவதற்குள் பொழுது போய்விடும்.

"இந்தப் பக்கம் தண்ணி வடியுதில்ல? அப்ப அந்தப் பக்கம் வாய் இல்லாமலா இருக்கும்?" என்றார் மச்சான்.

சர்வேயரும் தலையாட்டினார். அங்கேதான் பிசகிப்போனது.

மச்சான் கயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் மூக்கைச் சுளித்தார். சேற்று நாற்றமோ செத்த எலியின் நாற்றமோ இல்லை. யாரோ நெடுநேரம் தூங்கி எழுந்த அறையின் வாடை.

"உள்ள எவனோ குடியிருக்கான் போல மாப்ளே. வாடகை எவ்வளவுன்னு கேட்டுட்டு வர்றேன்."

சிரித்துக்கொண்டே போனார். முட்டி சேற்றில் சளக் சளக்கென்று பதியும் சத்தம் கேட்டது. சர்வேயர் ஓரமாக, குழாய் வாயை ஒட்டிய சுவரில் சாய்ந்துகொண்டு கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒரு லாரி போனது. தலையில் மண் உதிர்ந்தது. கயிறு போய்க்கொண்டே இருந்தது.

சாலையோ ஒரு வண்டிக்கு இன்னொரு வண்டி ஒதுங்கி வழிவிடும் அளவுக்குத்தான் அகலம். அந்த அகலத்தைக் கயிறு எப்போதோ தாண்டிவிட்டது.

"மச்சான், எங்க இருக்கீங்க?"

"பாதி கூட வரல போலிருக்கே." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "இன்னும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியல."

"கயிறு தீரப்போகுது. போதும், திரும்புங்க."

"சரி சரி. உட்கார்ந்து திரும்ப இடமிருக்கு."

சளக் சளக் சத்தம் நின்றது. பிறகு மச்சானின் குரல், எரிச்சலாக.

"கொஞ்சம் நகரு மாப்ளே. வெளிச்சத்தை மறைக்கிற."

சர்வேயர் குழாய் வாய்க்கு நேராக நிற்கவே இல்லை.

"நான் ஓரமாத்தான் இருக்கேன் மச்சான்."

கயிற்றை லேசாகச் சுண்டிப் பார்த்தார்.

"மச்சான்?"

இந்த முறை அது குரல்கூட இல்லை, வெறும் மூச்சு.

"அப்ப என்னைப் பார்த்து வர்றது யாரு?"

சர்வேயர் குனிந்து டார்ச் அடித்தார். ஈரச் சிமெண்டு, சேறு, அதற்கப்பால் இருட்டு. கயிற்றைப் பிடித்து வெறி வந்தவராக இழுத்தார். அது தடையில்லாமல் சரசரவென்று வந்தது. அதன் முனையில் இடுப்பளவு வளையம் அப்படியே இருந்தது.

முடிச்சு அவிழவில்லை.

சர்வேயரே உள்ளே நுழைந்தார். தொப்பை உரச, முழங்கை தேய, மச்சானின் பெயரைக் கத்திக்கொண்டே தவழ்ந்தார். மச்சான் போன தடம் சேற்றில் தெளிவாக இருந்தது. சட்டென்று நெற்றி எதிலோ மோதியது. மண். குழாய் அங்கேயே முடிந்திருந்தது. கெட்டிப்பட்ட மண் சுவர், பல வருடமாக அசையாதது. தடம் அந்தச் சுவருக்குள் போயிருந்தது.

சுவரில் காதை வைத்தார். வெகு தொலைவில், "மாப்ளே... மாப்ளே..." என்று கேட்டது. நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை அந்த மண்ணைப் பிறாண்டினார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

தீயணைப்பு வண்டி வந்தது. மண் தோண்டும் இயந்திரம் வந்தது. சாலையையே பெயர்த்துப் போட்டார்கள். பாதியில் உடைந்த பழைய குழாய், அதன் பிறகு வெறும் மண். மறுவாய் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. போலீஸ்காரர் சர்வேயரை ஒருமாதிரி பார்த்தார். பார்க்கட்டும். சர்வேயருக்கே தான் சொல்வதை நம்ப முடியவில்லை.

வீட்டில் மனைவி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துவிட்டு, "அண்ணன் இருட்டுல பசியோட இருப்பாரேங்க" என்பாள். சர்வேயர் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். எப்படியாவது அவரைக் கொண்டுவந்து இவள் முன்னால் நிறுத்திவிட மாட்டோமா என்று துடிப்பார். எங்கே போய்த் தேடுவது?

ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டு ஓடினார். மனைவி தரையில் மண்டியிட்டிருந்தாள். தண்ணீர் போகும் துளையின் சல்லடை ஓரமாகக் கிடந்தது. துளையைச் சுற்றிச் சிமெண்டை உடைத்து, கை நுழையும் அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாள். அறை முழுக்க அந்த வாடை. தூங்கி எழுந்த ஆளின் வாடை.

அவள் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு.

"என்னங்க, அண்ணன் வந்துட்டாரு! பாப்பா, கையைக் குடுன்னு கூப்பிட்டாரு. அண்ணன் மட்டும்தானே என்னைப் பாப்பான்னு கூப்பிடுவாரு?"

"வேணாம்மா. எந்திரி."

"எங்கண்ணனை அடைச்சு வைக்கச் சொல்றீங்களா?"

அவள் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டாள். துழாவினாள். சட்டென்று அவள் கண்கள் நிறைந்தன.

"பிடிச்சுட்டேங்க! கை சில்லுன்னு இருக்கு. பாவம், எத்தனை நாளா ஈரத்துல..."

சர்வேயர் அவள் பக்கத்தில் விழுந்து துளையருகே காதை வைத்தார்.

மிகமிகத் தொலைவிலிருந்து, தேய்ந்துபோன குரலில், மச்சான் பேசினார்.

"பாப்பா, நான் இன்னும் ரொம்பத் தூரத்துல இருக்கேன்."

அவளும் அதைக் கேட்டாள். கையை வெளியே இழுக்கப் பார்த்தாள். சர்வேயர் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

உள்ளே பிடி இறுகியது.