திருப்பி வைத்த ஷூ

"அப்பா...!"

வான்மதியின் அலறலில் குளத்து மீன்கள்கூடச் சிதறின.

குமாரசாமி ஓடினார். எழுபது வயது. கைத்தடி தரையில் படவேயில்லை.

அமெரிக்காவின் சான் ரமோனில் ஒரு ஜப்பானிய உணவகம். தோட்டத்து நடுவே பாய் விரித்த தனி அறை. பருவத்துக்கு ஒரு விருந்து. இது இலையுதிர் காலம். தட்டுக்குத் தட்டு ஒரு சிவப்பு மேப்பிள் இலை. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தலைதீபாவளி என்று அவர் வைத்த மதிய விருந்து.

இப்போது பாயெல்லாம் சிவப்பு!

மாப்பிள்ளை மதன் சூப் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தான். கழுத்தில் ஒரு வெட்டு. வயிற்றில் மூன்று குத்து. மீன் நறுக்கும் நீளக் கத்தி... வான்மதியின் கையில்.

"வயித்துல இருந்துச்சுப்பா... நான்தான் உருவுனேன்..."

அப்பாவும் மகளும் குளத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவள் முதலில் திரும்பியிருக்கிறாள். அவ்வளவுதான்.

போலீஸ் அதை நம்பவில்லை. டிடெக்டிவ் ரோஷினி, அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பெண், வந்ததும் வான்மதிக்கு விலங்கு மாட்டினாள்.

குமாரசாமி முதுகை நிமிர்த்தினார். புருஷனைக் கொன்றவள் என்ற பெயர்... அவர் வீட்டுப் பெண்ணுக்கா?

"அவளை உடுங்க அம்மிணி. குத்துனது நானு."

"எத்தனை தடவை, அங்கிள்?"

"...ரெண்டு."

"மூணு. ப்ளீஸ், டைம் வேஸ்ட் பண்ணாதீங்க."

அப்போதுதான் மதனின் தம்பி மகிழன் வந்து சேர்ந்தான். ஃப்ரீவேயில் டிராஃபிக்காம். நேரே பார்க்கிங்கிலிருந்து வருகிறானாம். விலங்கைப் பார்த்ததும், அண்ணி இப்படிச் செய்வாள் என்று நினைக்கவில்லை என்று அழுதான்.

பணிப்பெண் யாரையும் பார்க்கவில்லை. விருந்தாளிகள் படியில் கழற்றிப்போடும் ஷூக்களை வெளிப்பக்கமாகத் திருப்பி, வரிசையாக வைப்பது அவள் வேலை. அப்பாவும் மகளும் குளத்துக்குப் போன பிறகு, கடைசியாக இரண்டு ஜோடி கறுப்பு ஷூவைத் திருப்பி வைத்தாளாம்.

இரண்டா?

குமாரசாமி படியைப் பார்த்தார். கறுப்பு ஷூ ஒரு ஜோடிதான் இருந்தது.

குனிந்து எடுத்தார். அவரே வாங்கிக் கொடுத்த தீபாவளி ஷூ. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி. மாப்பிள்ளைக்கு எட்டாம் நம்பர். தம்பிக்குப் பத்து.

இது பத்து.

மகிழன் லேசாக நொண்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மகிழா... ஷூ கடிக்குதா?"

ஒரு விநாடி. மகிழன் பாய்ந்தான். படியோரம் மீன் நறுக்க வைத்திருந்த சமையல்காரரின் தட்டிலிருந்து இன்னொரு கத்தி. வான்மதியின் கூந்தல் அவன் பிடியில். கத்தி அவள் தொண்டையில்.

கைத்தடி இறங்கியது.

மணிக்கட்டு முருங்கைக் கொம்பாய் முறிந்தது. அடுத்த அடி வாயில். கூழாங்கற்களின் மேல் மூன்று பற்கள்!

போலீஸ் அவன் ஷூவைக் கழற்றியது. எட்டாம் நம்பர். காலுறை முழுக்க மதனின் ரத்தம்.

போன வாரம் ஃப்ரீவேயில் ஒருவரைக் காரால் இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனவன் மகிழன். நாளை போலீஸில் சொல்லப்போவதாக அண்ணன் கெடு வைத்திருந்தான்.

ரோஷினி வான்மதியின் விலங்கைக் கழற்றினாள்.

"மர்டர் பண்ண வந்தவன் எதுக்கு அங்கிள் ஷூவைக் கழட்டினான்?"

"பாய் விரிச்ச எடம். கொலைக்குப் போனாலும் எங்காளுக செருப்போட ஏற மாட்டானுங்க."

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"கோயில்ல செருப்பு தொலைஞ்சா சனி உட்டுதும்பாங்க அம்மிணி. இவன் மாத்திப் போட்டான்... புடிச்சுக்கிச்சு."