வெறுமனே ஓடிய மெஷின்

புது மெஷின் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு பலகையின் முனையை அறுத்து ரம்பத்தை நிறுத்திய கையோடு, சுவரில் யாரோ தட்டுவது அவருக்குக் கேட்டது. மூன்று தட்டு. ரம்பம் நின்றாலும் குழாயில் மிச்சமிருக்கும் மரத்தூளை இழுத்துக்கொள்வதற்காகத் தூசி உறிஞ்சும் அந்த மெஷின் பத்து விநாடி தானாக ஓடும். அந்தப் பத்து விநாடிக்குள்தான் கேட்டது. மெஷினும் அடங்கிய பிறகு பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் அவரை ஸ்டூல்காரர் என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டோடு ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, ரம்பம் வாங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் தலையிலும் ஒவ்வொரு ஸ்டூலைக் கட்டிய மனிதர். அவரிடம் பத்து நிமிஷம் நின்று பேசியவர்கள் ஸ்டூல் இல்லாமல் வீடு திரும்பியதில்லை என்று மனைவியே கேலி செய்வாள்.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருந்த அறை. பக்கவாதம் வந்து அண்ணனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இடது கை. தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் போட வேண்டுமா, சும்மா முகம் பார்க்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அந்தக் கையின் விரல் முட்டியால் சுவரில் மூன்று தட்டு. ஒரு நாளைக்கு முப்பது தடவை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் சத்தம் கேட்டால் ஸ்டூல்காரர் ரம்பத்தில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம், யாரும் கூப்பிடக்கூடாது. விரல் போகிற வேலை. பழைய மெஷின் போட்ட கூச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. நாளாக ஆக அவர் ஒன்று கற்றுக்கொண்டார். ரம்பத்தை நிறுத்திவிட்டு மெஷினை மட்டும் ஓட விடுவார். அந்த இரைச்சலுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அரை மணி நேரம் யாருக்கும் தம்பியாக இல்லாமல் இருப்பார். பாவம்தான். ஆனால் அவரும் மனுஷன்தானே.

புது மெஷின் வருவதற்கு நாலு மாதம் முன்பு ஒரு நாளும் அப்படித்தான் ஓட விட்டிருந்தார். இரைச்சலுக்கு அடியில் மூன்று தட்டு கேட்டது போலிருந்தது. நிறுத்திக் கேட்டார். கேட்டது. மறுபடி கேட்டது, கொஞ்சம் வேகமாக. இப்போதுதானே தண்ணீர் கொடுத்தேன் என்று முணுமுணுத்தபடி மறுபடி மெஷினைப் போட்டார். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தபோது அண்ணன் வாயைத் திறந்தபடி கிடந்தார். விரல் முட்டியில் தோல் உரிந்து, நகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சளி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். மெஷின் சத்தத்தில் தட்டினது கேட்கவில்லை என்று இவர் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். ஆறுதல் வேறு சொன்னார்கள்.

அந்த ஆறுதலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாலு மாதம் பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தவரை மனைவிதான் கடைக்கு இழுத்துப் போனாள். சத்தமில்லாத மெஷினாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். கடைக்காரர் ஒன்றை ஓட விட்டு, அதன் பக்கத்திலேயே நின்று சாதாரணக் குரலில் பேசிக் காட்டினார். இவர் குழாய் சின்னது என்றார், பை சீக்கிரம் நிரம்பிவிடும் என்றார், இழுவை போதாது என்றார். கடைக்காரர் ஒரு கை மரத்தூளைத் தரையில் கொட்டி, மெஷினை விட்டு இழுத்துக் காட்டினார். ஒரு பொட்டு மிச்சமில்லை. பழைய மெஷினைக் கடையிலேயே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "இது அன்னிக்கே இருந்திருந்தா அவர் தட்டினது உங்க காதுல விழுந்திருக்கும்ங்க" என்றாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை.

மூன்றாம் நாள் அந்தத் தட்டு கேட்டபோது, முதலில் குழாய்க்குள் ஏதோ மரச்சில்லு தட்டுகிறது என்றுதான் நினைத்தார். குழாயைக் கழற்றி உதறினார். பையை மாற்றினார். ரம்பத்தின் திருகுகளை முடுக்கினார். மறுநாள் அறுத்து நிறுத்தியதும், அதே பத்து விநாடியில், அதே மூன்று தட்டு. அதற்கு அடுத்த நாள் ஆறு. பழைய இரைச்சலில் இதெல்லாம் கரைந்து போயிருக்கும். இந்த மெஷினோ தாழ்ந்த குரலில் ஒரே சீராக முனகியது. தட்டுவதைத் தன் மேல் ஏந்தி அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது. மெஷினை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும். பட்டறையில் அறுத்த மரத்தின் வாசனைக்கு அடியில், நாள்பட்ட படுக்கையின் புளித்த வாடை லேசாக வர ஆரம்பித்தது. மனைவியிடம் கேட்டார். அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ரம்பத்தைத் தொடாமல் மெஷினை மட்டும் வெறுமனே போட்டார். தட்டும் சத்தம் உடனே தொடங்கியது. மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிடுவது, பார்த்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நினைத்தார். அதை நினைத்ததுமே நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது. மெஷினை ஓட விட்டு, தூசி வெளியே போகாதபடி பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் போய் அண்ணனின் அறையைத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. மூடிய கண்ணாடி ஜன்னல். உறை கழற்றிய மெத்தை. தலைமாட்டுச் சுவரில் ஒரு கையளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. தட்டுவது நின்றிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, ஏன் என்று தெரியாமல், அண்ணன் படுத்த மாதிரியே படுத்தார்.

சுவர் வழியாக மெஷின் ஓடுவது கேட்டது. தெளிவாகக் கேட்டது.

மெஷின் மட்டும். ரம்பம் இல்லை. பலகையைக் கடிக்கும் சத்தம் இல்லை. வெறும் மெஷின் ஓடுகிறது என்று இங்கே படுத்திருக்கும் யாருக்கும் தெரியும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு அரை மணியும். அன்றைக்கு அது நின்றதும் தெரியும். நின்று கேட்டதும் தெரியும். மறுபடி ஓடியதும் தெரியும்.

"அண்ணே" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. காற்றுதான் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் வரவில்லை. வலது கை மெத்தையில் யாருடையதோ போலக் கிடந்தது.

தொண்டையில் ஏதோ ஏறியது. கெட்டியாக. மெதுவாக.

இடது கையை மடக்கிச் சுவரில் தட்டினார். மூன்று.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

பட்டறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தியது அவரேதான். ஆனாலும் அங்கே ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கேட்கிறார். நன்றாகக் கேட்கிறார். இவர் மறுபடி தட்டினார், வேகமாக.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

கண்ணாடிக்கு வெளியே, முற்றத்துக் கொடியில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று ஏதோ விசாரித்தார். அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டறைப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"மெஷின் ஓடுதுங்க. வேலையா இருக்கார். அப்புறமா வாங்களேன்."

அவர் தட்டினார். தோல் உரிந்தது. தட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. வெளியே அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.