மூன்றாம் கடிதத்துக்கு வந்த பதில்

மூன்றாம் கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது.

ஏரியின் பக்கமிருந்து மழையிருட்டு ஏறி வந்துகொண்டிருந்த பிற்பகல் அது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழும் ஓசையும், அடுப்பில் வெங்காயத்தோடு வதங்கும் கீரையின் மணமும், கரையில் அழுகும் நீர்ச்செடியின் நாற்றமும் ஒன்றாய்க் கலந்து நின்ற அறையில், அபோண்டி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பியவர் பெயர் ஒக்வேனோ. அவளுடைய கணவன். இரண்டு ஆண்டுகளாக முற்றத்தில், சிமென்ட் பூச இன்னும் அவளுக்கு மனம் வராத மண்மேட்டின் கீழே கிடப்பவன்.

யாரும் இலவசமாய் எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் தொகுப்பு ஒன்றில், கவனிப்பாரற்றுப் போன பொதிகளை, அதாவது தனித்தனிச் சிறு நிரல்களைக் கண்டுபிடிப்பது அபோண்டி ஏற்றுக்கொண்ட தொண்டு. பொதியைப் பராமரிப்பவருக்கு, ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று இருவார இடைவெளியில் மூன்று முறை எழுத வேண்டும். மூன்றுக்கும் மௌனமே பதிலானால் அந்தப் பொதி அநாதை. தத்தெடுக்க ஆளில்லாவிட்டால் நீக்கம். நூற்றுக்கணக்கானோருக்கு அப்படி எழுதியவள், ஒரே ஒரு பொதியை மட்டும் கண்டும் காணாதவள்போல் தாண்டிப் போனாள். எழுத்தை அந்த ஏரிக்கரை மக்களின் லுவோ மொழியில் வாசித்துக் காட்டும் பொதி அது. அதிலிருப்பது ஒக்வேனோவின் குரல். முயல் கழுதைப்புலியை ஏமாற்றும் கதைகளாய்த் தேர்ந்தெடுத்து, இதே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிந்தான். பார்வையற்ற பிள்ளைகள் இன்றும் அந்தக் குரலில்தான் பாடம் கேட்கிறார்கள்.

மூன்றாம் மௌனத்துக்குப் பின் அதைத் தானே தத்தெடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் ஒருவழியாக எழுதத் துணிந்தாள். விதியில் உள்ள வாசகமே போதும். ஆனால் மூன்றாம் கடிதத்தின் அடியில் அவள் விரல்கள் ஒரு வரி சேர்த்துவிட்டன: ‘இருந்தா சொல்லுங்க.’

பதிலும் அவ்வளவு சிறியதுதான். ‘இருக்கேன். புதுப் பதிப்பு அனுப்பியிருக்கேன். கேட்டுப் பாரு.’

பதிப்பு உரியவருடையதுதான் என்று காட்டும் மின்கையெழுத்துச் சாவிகளைத் தொகுப்புக்காகக் காக்கும் பராசாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் இருப்பது ஏரியை விட்டுத் தள்ளி, ககமேகா நகரில்; ஏரிக்கரைக்காரர்களின் மீன் பைத்தியத்தைச் சீண்டாமல் பேச்சைத் தொடங்க மாட்டான்.

“என்னக்கா, மீன் தலையைக் கீழ வெச்சுட்டு நம்ம ஞாபகமா?”

“பராசா, ஒக்வேனோ பதில் போட்டிருக்காரு.”

சிரிப்பு நின்றது. விசைகள் தட்டும் ஓசை கேட்டது.

“எவனோ திருட்டுப் பயக்கா. இருங்க, கையெழுத்தைப் பார்க்கறேன்...” அவன் குரல் இறங்கியது. “சரியா இருக்கே. அவரோட சாவியேதான். சாவியை வெச்சிருந்த அந்தப் பென்டிரைவ் யார்கிட்ட இருக்கு?”

“அவருகிட்டதான். அவர் பேர்ல வேற எவனும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நானே சட்டைப் பையில வெச்சுப் புதைச்சேன்.”

“வேற பிரதி?”

“இல்லப்பா.”



“சாவியை ரத்து பண்ணிடலாம்க்கா. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஆனா அதுல கையெழுத்தான பழைய பதிப்பெல்லாம் போயிரும்.”

“குரலுமா?”

“குரலும்தான்.”

“கேட்டுட்டுச் சொல்றேன்.”

“பைத்தியமா உங்களுக்கு? கோழி திருட வந்தவன் ‘நான்தான் மச்சான்’னு சொன்னா கதவைத் திறந்துடுவீங்களா?”

அவள் திறந்தாள்.

ஒவ்வொரு பதிப்பிலும் எந்த நாளில் என்ன மாறியது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைக் குரலே வாசிக்கும்படி ஒக்வேனோ முன்பே அமைத்திருந்தான். முயல் கதை சொன்ன அதே நிதானத்தில் அது தொடங்கியது.

“ஜூன் பதினொண்ணு. ஒரே இருட்டு. மூச்சுச் சத்தம் சேர்த்தாச்சு.”

அவனைப் புதைத்த நாள் அது. தொற்றுக் காலம். காலையில் மூச்சு நின்றது என்றார்கள். மாலைக்குள் மண் மூடியாக வேண்டும் என்றார்கள். பெட்டியை மூடுமுன் அவன் கையைப் பற்றினாள். இளஞ்சூடு. தன் கையின் சூடுதான் என்று எண்ணிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

“ஜூன் பன்னிரண்டு. பலகையில நகம் கீறுற சத்தம். நீக்க முடியல.”

கீரை கருகும் நெடி. அவள் எழவில்லை.

“ஜூன் பதிமூணு. ‘அபோண்டி’ன்னு கூப்பிடறது சேர்த்தாச்சு. மேல நடக்கறா. காதுல விழல.”

தொலைபேசிக்குள் பராசா கத்திக்கொண்டிருந்தான். “ரத்து பண்ணட்டுமா? அக்கா? பேசுங்கக்கா!”

நாற்காலி காலியாக இருந்தது.

முற்றத்தில் மழை. மண்மேடு. மண்வெட்டி. “வந்துட்டேன்... இதோ வந்துட்டேன்...” வெட்டினாள். மீண்டும் வெட்டினாள். சன்னல் வழியே அந்தக் குரல்:

“இன்னைக்கு. மேல மண் வெட்டுற சத்தம்.”

அவள் கை நின்றது.

மண் வெட்டும் ஓசை நிற்கவில்லை. அது கீழிருந்து வந்தது.

மண்வெட்டியை எறிந்துவிட்டு மண்டியிட்டாள். அவள் முழங்கால்களுக்கு நடுவே, உறங்குபவனின் மார்பைப் போல, ஈரமண் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.