தொண்ணூறு வயது வரை

நெய்யாற்றின்கரையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளறடை போகும் பஸ்ஸின் ஜன்னலோரம் கிருபாபாய் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் வெகுகாலம் நர்ஸ் வேலை. இப்போது இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. வேலையை விட்டபின் எவ்வளவு சேமிப்பு இருந்தால் போதும்...?

“விலைவாசி ஏறுறத சேக்கல்லியே...”

பக்கத்து இருக்கைக்காரர். நரைத்த மீசை, நனைந்த சட்டை.

“எனக்க போனை எதுக்கு சாரே எட்டிப் பாக்கீங்க?”

“மன்னிக்கணும். டியூட்டோரியல்ல கணக்கு எடுக்கேன். தப்பு கண்டா வாய் சும்மா இருக்காது.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்தக் கண்களில் கேலி இல்லை... கொஞ்ச தூரம் போனதும், நர்ஸ் வேலை என்று சொல்லி, அவளே போனை நீட்டினாள்.

அவர் பெயர் ஜெயதாஸ். பொறுமையாக விளக்கினார். இன்றைய செலவு இருபது வருடத்தில் மூன்று மடங்காகலாம். மருந்துக்குத் தனியாக ஒதுக்க வேண்டும்.

“எந்த வயசு வரைக்கும் போட்டீங்க?”

“எழுபத்தஞ்சு.”

“தொண்ணூறு போடுங்க சிஸ்டர். அதுக்குள்ள எங்க போகப் போறீங்க?”

சிரித்துவிட்டாள். அவள் நெடுநாள் இருக்கவேண்டுமென்று இதுவரை யாரும் சொன்னதில்லை...

பிறகு தினமும் மாலையில் அதே பஸ். வெள்ளறடையில் சேர்ந்தே இறங்கினார்கள். கணக்கு முடிந்தும் பேச்சு முடியவில்லை. மனைவி இறந்ததை ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள் அவள், மழையைப் பார்த்தபடி, “இந்த சிஸ்டர்னு விளிக்கியத நிறுத்துங்க” என்றாள்.

ஒரு மாலை அவள் தம்பி ஜெனில் வெள்ளறடை பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். ஜெயதாஸை மேலும் கீழும் பார்த்தான்.

“பென்ஷன் இல்லாதவருக்கு மஸ்கட் பைசா கண்ணுல பட்டாச்சு, இல்லியா?”

மறுநாள் பஸ்ஸில் அவர் இல்லை. அடுத்த நாளும்...

அந்த வாரக் கடைசியில் கிருபாபாய் டியூட்டோரியல் வாசலில் போய் நின்றாள்.

“உங்க தம்பி சொன்னது சரியாக்கும். ஒரு ஆளுக்கு சேத்தத ரெண்டு ஆளு தின்னா காணாது.”

“அத நான் பாத்துக்குவேன். நானும் வேலைக்குப் போறேன், நீங்களும் போறீங்க. அவனுக்குப் பயந்து பஸ்ஸையும் விட்டாச்சு. இப்போ வீட்டுக்கு எப்படிப் போறீங்க?”

கையிலிருந்த சாக்பீஸை ஜன்னல் திட்டில் வைத்தார்.

“எனக்க வீடு பாறசாலையில. அது வேற ரூட்டாக்கும்.”

“பின்ன... வெள்ளறடைக்கு?”

“முதல் நாளு கூடப் படிச்ச ஒரு கூட்டுக்காரனப் பாக்க வந்தேன். அதுக்குப் பிறகு அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல, கிருபா... உங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

அவளுக்குக் கண் நிறைந்தது.

“இத ஜெனிலுக்க முன்னால வந்து சொல்லணும். எனக்கும் இஷ்டம்தான்னு... நானும் சொல்லுதேன்.”