எந்தத் தண்ணீரில் ஊறிய நூல்?

"யாரும்மா அது... கடைக்குள்ள வராமயே சரக்குல கை வெக்கிறது?"

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். ஏணியில் ஒரு காலும் துணி அடுக்கில் ஒரு காலுமாக ஒருத்தன் நின்றிருந்தான். கோபமாகத்தான் பார்த்தான். ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபப்படவே தெரியவில்லை...

வெளியே வண்ணாரப்பேட்டை முழுக்க நனைந்துகொண்டிருந்தது. மெட்ரோவிலிருந்து இறங்கி ஓடி வந்தவள் ராசையா மொத்தத் துணிக்கடை வாசலில் ஒதுங்கினாள். ஒதுங்கியவள் சும்மா இருந்தாளா? வாசலோரம் சாய்த்து வைத்திருந்த துணி ரோலிலிருந்து நகத்தால் ஓர் இழையை உருவிவிட்டாள்.

"ஒரு நூலுக்கு இன்னா சார் இந்தக் குதி குதிக்கிறீங்க? உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டேன்?"

"இன்னிக்கு நூலு, நாளைக்கு ரோலு. இப்படித்தான் ஆரம்பிக்கும்."

அவள் இழையை மழையில் நனைத்தாள். அதன் நுனி தன்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினாள். ஹெம்ப் என்பது ஒரு நார்ச்செடி. நிஜமான ஹெம்ப் நூல் காயும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். லினனைக் கலந்திருந்தால் மறுபக்கம் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் இறங்கி வந்துவிட்டான். அவனுக்கும் அந்தச் சோதனை தெரியும் போலிருக்கிறது... மறுபேச்சில்லாமல் இழையின் அந்தப் பக்கம் வந்து நின்றான். மழை ஈரத்தில் நூல் லேசில் காய்வேனா என்றது. அவள் ஊதினாள். அவனும் ஊதினான். காத்திருந்து காத்திருந்து ஒரு வழியாக அது சோம்பலாய்த் திரும்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்று கீர்த்தி பார்க்கவே இல்லை. நூலுக்கு அப்பால் இருந்த கண்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல ஸ்ட்ராங் டீ நிறம்.

"சரியாத்தானே திரும்புச்சு?" என்றான்.

"ஆங்? ஆமா... சரியாத்தான் கீது." அவசரமாகக் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினாள். "கீர்த்தி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துகிறேன்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"மேடம்... நாளைக்குத்தானே வர்றதா சொன்னாங்க?"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு விருந்து சார்."

கல்லாவில் இருந்த அவன் அப்பா ராசையா விழுந்து விழுந்து சிரித்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து கோணிச் சாக்கில் ஆரம்பித்து, துணி வரை வளர்ந்த மனிதர். "லே ஜெஸ்வின், புள்ளைக்கு ஒரு டீ சொல்லு. ஏ தாயி, இது கஞ்சாவுக்குப் பங்காளிச் செடியாம்லா? இத விக்கப் போறேன்னு இவன் வந்து நின்ன அன்னைக்கு நான் வெளக்குமாத்தத் தூக்கிட்டேன் பாத்துக்கோ. போதை கெடையாது, அரசாங்க லைசென்ஸ்ல விளையுதுன்னு இவன் சொல்லிச் சொல்லி, எங்க கோயில் பாதிரியாரே கேட்டுட்டுச் சரின்னுட்டாரு."

வெளிநாட்டுப் பை கம்பெனி ஒன்று ஜெஸ்வினிடம் ஹெம்ப் துணி வாங்க வந்திருந்தது. ஒரு கண்டெய்னர் நிறைய. ஆனால் ஒரு நிபந்தனை. எந்த வயலில் விளைந்தது, யார் விதைத்தார்கள், எப்படி நாரெடுத்தார்கள் என்று ஒவ்வொரு ரோலுக்கும் பதில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் கீர்த்தியின் வேலை. இப்படிச் சான்றிதழ் கொடுக்கும் அவள் ஆபீஸ் ராயபுரத்தில். எண்ணூர்க் குப்பத்தில் வீடு.

அதன் பிறகு அடிக்கடி அங்கே வரவேண்டியிருந்தது. வரவேண்டியிருந்தது என்பது ஆபீஸுக்குச் சொன்னது... வராமல் இருக்க முடியவில்லை என்பது உள்ளே வைத்துக்கொண்டது.

"பூச்சிமருந்து?"

"தேவையே இல்ல மேடம். நெருக்கி விதைச்சா களைகூட வராது. ஆளுயரத்துக்கு மேல நிக்கும். நான் இது விளையற வடநாட்டு மலையில போய் ஒரு மாசம் விவசாயிங்க வீட்லயே தங்கி இருந்தேன்."

"ஒரே நெலத்துல திரும்பத் திரும்ப இதையேவா போடுறாங்க?"

"மாத்தி மாத்திதான். ஒரு போகம் இது, அடுத்தது பருப்பு."

"தண்டு எந்தத் தண்ணில ஊறிச்சு?"

அந்தக் கேள்வியை மட்டும் அவள் எல்லா நாளும் கேட்டாள். ஹெம்ப் தண்டை ஊறவைத்து அழுகவிட்டால்தான் நார் பிரியும். ஓடையில் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டால் சுலபம், சீக்கிரமும் கூட. ஆனால் ஓடை நாறிவிடும். ஜெஸ்வினின் விவசாயிகள் தண்டை வயலிலேயே பரப்பி, பனியில் நனையவிட்டு நாரெடுப்பவர்கள். வாரக்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை. அந்த நூலில் நெய்த துணி சாம்பல் பூத்த நிறத்தில் இருக்கும்.

"தினமும் இதையே கேக்கறீங்களே... என்மேல அவ்ளோ சந்தேகமா?" என்றான் ஒருநாள்.

"வாங்க, காட்றேன்" என்றாள்.

டோல்கேட் நெரிசலைத் தாண்டி, தூறலில் நனைந்துகொண்டே அவன் பைக்கில் எண்ணூர் போனார்கள். கழிமுகத்தின் கரையில் நின்றார்கள். ஆலைக் கழிவில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"எங்க நைனா இங்க எறங்கி கையாலயே எறா புடிப்பாரு. கூடை ரொம்பிடும். இப்ப எறங்கினா கால் அரிக்குது, சேறுதான் வருது. தண்ணி கெட்டா முதல்ல மீன் சாவும் சார். அப்பால நாங்க. எங்கியோ ஒரு மலையில, என் கையெழுத்தால, இன்னொரு குப்பத்துக்கு இப்டி ஆவக் கூடாது."

அவன் தண்ணீரையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "உங்க பேரக் காப்பாத்துவேன் கீர்த்தி" என்றான். மேடம் எங்கே போனதென்று அவள் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது...

சரக்கு ஏற்றும் நாள் வந்தது. திருவொற்றியூர் குடோன் வாசலில் கண்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மாலைக்குள் அது காட்டுப்பள்ளித் துறைமுகம் போயாக வேண்டும். ராசையா புதுச் சட்டை போட்டிருந்தார். கீர்த்தியும் அன்றைக்கு மல்லிகை வைத்திருந்தாள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு மல்லிகை எதற்கு என்று கேட்க அங்கே யாருமில்லை.

அங்கங்கே ரோல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே நாலைந்து ரோல்கள் வெளிறிய மஞ்சளாக இருந்தன. மூக்கருகே கொண்டுபோனாள். குட்டை நாற்றம், லேசாக.

"இது எந்த வயல்ல விளைஞ்சது?"

"முபாஷிர் கடையில விளைஞ்சது!" ராசையா கடகடவென்று சிரித்தார். "கடைசி நேரத்துல கொஞ்சம் கொறைஞ்சுது தாயி. எதுத்த கடைதான? கைமாத்தா வாங்கிப் போட்டுட்டோம். இதுவும் ஹெம்ப்புதான்."

அந்தத் தெருவில் அது வழக்கம். ஒருவர் ஆர்டருக்குச் சரக்கு குறைந்தால் எதிர்க்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். பிறகு அதே சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அப்படி ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் அந்தக் கடைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அதில் ஒரு தப்பு இருக்க முடியும் என்று ராசையாவுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

கீர்த்தி அவரைப் பார்க்கவில்லை. ஜெஸ்வினைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடு... தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு... உள்ளுக்குள் கெஞ்சினாள்.

ஜெஸ்வின் அப்பாவைப் பார்த்தான். அவர் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. சுற்றிலும் லோடுமேன்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"தெரியும்" என்றான்.

"தெரிஞ்சேவா? அன்னிக்கு எங்க ஊர்த் தண்ணியப் பாத்துகினு நின்னதெல்லாம் இன்னா, டிராமாவா?"

"என் கடை, என் சரக்கு. தப்புன்னா எழுதிக்கோங்க. சந்தேகப்படுறதுதானே உங்க உத்தியோகம்?"

"எந்தத் தண்ணில ஊறினதுன்னு தெரியாத சரக்குக்கு என் கையெழுத்து கெடையாது." கையிலிருந்த ரோலைக் கீழே வைத்தாள். "யாரு சரக்கா இருந்தாலும் கெடையாது."

கண்டெய்னர் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மல்லிகை ஞாபகம் வந்தது. பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தாள். பிறகு எறிந்ததற்காகவும் சேர்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு பெய்த மழையெல்லாம் வேண்டாத மழை. மெட்ரோ வண்ணாரப்பேட்டையில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். கதவு மூடும் சத்தம் கேட்டதும் திறப்பாள்... திறந்தவுடன், மூடாமல் இருந்திருக்கலாமே என்று இருக்கும். போன் அடித்தால் ஓடுவாள். வேறு யாராகவோ இருக்கும். அவன் மட்டும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால்... என்று ஆரம்பிக்கிற நினைப்பு, அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்றுதான் முடியும்.

"அடுப்புல மீன் கருவிகினு கீது, நீ இன்னாத்தப் பாத்துகினு நிக்கற?" அம்மா குப்பம்மா கரண்டியோடு வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கரண்டி இறங்கிவிட்டது. "யாருடி அவன்?"

"யாருமில்ல..."

"யாருமில்லாததுக்கா மூஞ்சி இப்டி வீங்கி கீது? போய்ப் பேசு. வாயி எதுக்குக் கீது?"

மறுநாள் அவள் வண்ணாரப்பேட்டையில் இறங்கினாள். கடையில் ராசையா மட்டும் இருந்தார். ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அவன் இல்ல தாயி. மலைக்குப் போயிருக்கான்."

"ஓ..."

"முபாஷிர் சரக்கு எந்தத் தண்ணீல ஊறுச்சுன்னு பாத்துட்டுதான் வருவேன்னு போனான். கிறுக்குப் பய." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. அன்னைக்கு அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் அவன்ட்ட சொல்லாம ஏத்துனேன். அத்தன பேரு முன்னால எனக்குத் தலைகுனிவு வந்துரக் கூடாதுன்னு, தெரியும்னுட்டான்."

கீர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு துருவிக் கேட்கத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு வார்த்தையை மட்டும் துருவத் தெரியாமல் போயிற்றே...

அன்று மாலையே ஆபீஸில் மேலாளரிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். அவர் ஏன் என்றார். சொந்தக் காரணம் என்றாள். சொல்லும்போதே முகம் சூடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவன் எண்ணூருக்கே வந்துவிட்டான். தாடி வளர்ந்திருந்தது. உதடு பனியில் வெடித்திருந்தது. கழிமுகக் கரையில் அவளும், ஓர் ஆள் நிற்கும் தூரம் விட்டு அவனும். மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றான். "ஓடையிலதான் ஊறப் போட்டிருக்காங்க. தண்ணி கறுத்துப் போய்... கரையோரமா சின்னச் சின்ன மீனு செத்து மெதந்துச்சு. கீழ ஒரு ஊரு அதத்தான் குடிக்குது. பாத்ததும் உங்க அப்பா ஞாபகம் வந்துச்சு."

"அவங்ககிட்ட இன்னா சொல்லிட்டு வந்தீங்க?"

"வாங்க மாட்டேன்னு மட்டும் சொன்னா வேற யாருக்காவது வித்துடுவாங்க. நம்ம விவசாயி ஒருத்தரக் கூட்டிட்டுப் போய், பனியில எப்படிச் செய்யறதுன்னு காட்டச் சொன்னேன். ரெண்டு குடும்பம் சரின்னாங்க. மத்தவங்க சிரிச்சாங்க."

"சிரிக்கட்டும். அடுத்த வருஷம் கேப்பாங்க."

"முபாஷிர் பாய் ரோலத் திருப்பிக் குடுத்துட்டேன். சரக்கு கொறைச்சலாப் போனாலும் பரவாயில்லன்னு கம்பெனியில சம்மதிச்சுட்டாங்க. அப்பாவும் சரின்னுட்டாரு." தயங்கினான். "அன்னிக்குப் பேசுனது... தப்பு. உத்தியோகம் அது இதுன்னு..."

"பொய் சொன்னதும் தப்புதான்." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஆனா எதுக்காகச் சொன்னீங்கன்னு நானும் ஒரு வார்த்த கேட்டுருக்கணும். சரக்க சந்தேகப்பட்டது சரி. உங்கள சந்தேகப்பட்டதுக்கு... என்னிய மன்னிச்சுடுங்க."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப புதன்கிழமை லோடு. நீங்களே வந்து ஒவ்வொரு ரோலா பிரிச்சுப் பாருங்க. எவ்ளோ நேரமானாலும் சரி."

"நான் வர மாட்டேன்."

"ஏன்?"

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். இனிமே உங்க கடைச் சரக்க ஐரீன் மேடம்தான் பாப்பாங்க. என்னிய விட கறாரு."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "இன்னும் நம்பலயா கீர்த்தி? என் மூஞ்சியவே பாக்க வேணாம்னு..."

"ஐயே... மக்கு!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்தது இனி நிற்காது போலிருந்தது. "உன் மூஞ்சியப் பாத்துகினே இருக்கணும்னுதான் எழுதிக் குடுத்துட்டு வந்துகிறேன். புருஷன் சரக்குக்குப் பொண்டாட்டி கையெழுத்துப் போடலாமா? அது தப்பில்ல?"

ஜெஸ்வின் இடையில் இருந்த அந்த ஓர் ஆள் தூரத்தைக் கடந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புதான்" என்றான். "பெரிய தப்பு. நீ வரவே கூடாது... சரக்குப் பாக்க."