பின்னறைக்கு ஒரு கதவு

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, டேப்பும் நோட்டுமாக ஜோசப் ஆனந்த் சாரின் வீட்டுக்குப் போனேன். உழவர்கரையில் எனக்குக் கதவுக் கடை. அளவெடுப்பதும் விலை சொல்வதும் மாட்டிக் கொடுப்பதும் நானேதான். புதுச்சேரி டவுனுக்குள் இருக்கிற பழைய வீடுகள் என்றாலே எனக்கு எரிச்சல். ஒரு நிலையாவது நேராக நிற்காது. ஆனாலும் வேலையை விட மனசு வராது.

சார் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜானகிராமன் என்பவரிடமிருந்து வீட்டை முந்தின வருஷம் வாங்கியிருந்தார். வாங்கின சூட்டோடு அவர் மனைவி பெர்னதெத் அம்மாவுக்குப் பக்கவாதம். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார்கள். வீட்டுக் கதவு ஒவ்வொன்றும் இரண்டே கால் அடி அகலம். நாற்காலி எதிலும் நுழையவில்லை.

"பின்னறையில போட்டது போட்டபடி கெடக்குறா, ராஜவேல். எல்லாக் கதவையும் மூணடியா மாத்திடுங்க. ஒன்றரை லட்சம் இருக்கு. அதுக்கு மேல என்கிட்ட இல்ல."

பின்னறையில் பெர்னதெத் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "தம்பி... வெயில்ல... கொஞ்சம் உக்காரணும்" என்றார்.

தெருக்கதவு வேங்கையில், நிலையோடு ஐம்பத்திரண்டாயிரம். உள்ளறைக்கு நாலு, ஒவ்வொன்றும் பதிமூன்றாயிரம். பாத்ரூம் கதவு, கொல்லைக் கதவு, கொத்தனார் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் வந்தது. அதோடு நின்றிருந்தால் சரி. கொல்லை வாசலில் செங்குத்தாக மூன்று படி. அதை உடைத்துச் சரிவுப் பாதை போட இன்னும் நாற்பதாயிரம் ஆகும். சாரின் முகம் சுண்டிப்போனது.

அப்போதுதான் பின்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பூச்சுக்கு அடியில் தரையிலிருந்து மார் உயரத்துக்கு ஒரு சதுரம், வேறு செங்கல் வைத்து அடைத்தது. அந்தப் பக்கம் கொல்லை, சமதரை.

"சார், கொல்லை வாசலுக்குன்னு போட்ட கதவை இங்க உடைச்சு வெச்சா படியே வேணாம். கூட ரெண்டாயிரத்துல முடிச்சிடலாம்."

கதவு இருந்து அடைத்த இடமென்றால் மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இருக்கும், நிலை பதிந்த தடம் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. யாரோ அவசரத்துக்குச் சுவரை இடித்து, அவசரமாகவே அடைத்திருந்தார்கள். பார்த்தேன், யோசிக்கவில்லை. கணக்கு ஒன்றரை லட்சத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கொத்தனார் கொளஞ்சி இடித்தபோது உள்ளேயிருந்து மஞ்சள் வாடை வந்தது. கூடவே அழுகின சாமந்தி வாடை.

"என்னாண்ணே இது?" என்றான்.

"பழைய வூடு. வேலயப் பாரு" என்றேன்.

கதவு மாட்டிய முதல் நாள் பெர்னதெத் அம்மா கொல்லையில் முருங்கை மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். சார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நாலாம் நாள் சார் போன் செய்தார். தாழ்ப்பாள் போட்ட கதவு உச்சி வேளையில் தானாகத் திறக்கிறதாம். நிலை இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் புதுத் தாழ்ப்பாளோடு போனேன். முறுக்கி மாட்டினேன். சார் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அறையில் நானும் அம்மாவும் மட்டும். மணி பன்னிரண்டு. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை.

மஞ்சள் வாடை வந்தது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது.

கதவு உள்பக்கமாக மெல்லத் திறந்தது. வெளியே வெயில், முருங்கை மரம். ஆள் யாரும் இல்லை. வாடை என்னைக் கடந்து அறைக்குள் போனது.

சக்கர நாற்காலியின் பிரேக் டக்கென்று விடுபட்டது. நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியது.

"தம்பி... புடிங்க" என்று பெர்னதெத் அம்மா கிசுகிசுத்தார். "இந்தம்மா... தள்ளுது."

ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தேன். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் யாரோ தள்ளினார்கள். எழுபது கிலோ கதவை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன் நான், என் கால் தரையில் வழுக்கியது. சட்டென்று அந்த வேகம் விட்டுப்போனது. என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

வெளியே ஓடினேன். கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த செல்வாம்பாள், பக்கத்து வீட்டுக்காரம்மா, திறந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கயா தம்பி கதவு வெச்ச? யாரும் சொல்லலியா?"

"என்னாம்மா சொல்லல?"

"ஜானகிராமன் தங்கச்சி மாலா அந்த ரூம்லதான் செத்துது. அடைப்பு நாளு, ஆகாத நட்சத்திரம். அப்படி செத்தவங்கள வாசவழியா எடுத்தா திரும்பி வந்துடுவாங்கன்னு, செவுத்த இடிச்சி அந்த வழியாத்தான் எடுத்தாங்க. ஒடனே அடைச்சிட்டாங்க. அதுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். இத்தினி வருசமா அடைச்சே கெடந்துச்சி." குரலைத் தாழ்த்தினார். "அடைப்புல போனது துணைக்கு ஆள் தேடும், தம்பி."

என் சித்தப்பா செத்தபோது எங்கள் ஊரிலும் சுவரை இடித்தார்கள். எனக்குத் தெரியாத சங்கதியில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொளஞ்சியோடு போய், என் சொந்தச் செலவில் கதவைக் கழற்றி அடைக்கத் தொடங்கினேன். சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, சரியென்று தலையாட்டினார். கடைசி வரிசைக்கு நாலு செங்கல் பாக்கி. பெர்னதெத் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி... அடைக்காதீங்க. அவங்க... உள்ள இருக்காங்க."

திரும்பினேன். அறை முழுக்க மஞ்சள் வாடை. நேற்று அது உள்ளே போனதைத்தான் நான் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகப் புரிந்துவிட்டது. ஆனால் பயம் என் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

"சீக்கிரம் பூசுடா" என்றேன்.

அடைத்த ஒன்பதாம் நாள் பெர்னதெத் அம்மா இறந்துபோனார். இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது என்றார் டாக்டர். சார் அறைக்குள் போனபோது நாற்காலி அந்தச் சுவரோடு இடித்து நின்றதாம். அம்மாவின் பத்து நகங்களிலும் சிமெண்ட். வலது கையை அவரால் அசைக்கவே முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோவிலுக்குக் கொண்டுபோகச் சவப்பெட்டியைத் தெருக்கதவு வழியாக எடுத்தார்கள். மூன்றடி. தாராளமாகப் போனது. நான் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். கிட்டே போகத் தைரியமில்லை.

நாற்பது நாள் கழித்து சார் கூப்பிட்டார். அளவெடுக்க வேண்டுமாம். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். பூச்சு முழுக்கக் கீறல்கள். நின்ற உயரத்தில் ஒரு வரிசை. உட்கார்ந்த உயரத்தில் இன்னொரு வரிசை, ஈரம் காயாமல்.

"சார், பைசா வேணாம். இப்பவே இடிச்சி விட்டுடறேன். ரெண்டு பேரும் போயிடட்டும்."

"இடிச்சா போயிடுவாளே?" என்றார் சார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "மீதி ஏழு கதவு இருக்கு. ஜன்னல் வேற. எல்லாத்தையும் செங்கல் வெச்சு அடைச்சிட எவ்வளவு ஆவும்னு ஒரு கணக்கு போடுங்க. பென்ஷன் பணம் வந்திருக்கு."

"நீங்க எப்படி வெளிய வருவீங்க, சார்?"

"எனக்கென்ன வேல வெளிய?"

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சுவரோரம், என் இடுப்புயரத்திலிருந்து, மூச்சு மாதிரி ஒரு குரல் வந்தது.

"வேணாம்னு... சொல்லுங்க தம்பி."

என் கையிலிருந்த டேப் விழுந்தது. சாரின் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா ராஜவேல்?" என்றார். "இங்கதான் இருக்கா."