பூமி வழக்கம்

தண்பொருநையில் ஒரு கல்யாணம் என்றால், தாலி கட்டும் நேரத்தில் "நிறுத்துங்க" என்று சொல்வதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் பெண்ணின் தாய்மாமன் அந்தப் பொறுப்பை ஏற்பார். அவர் வாசலில் நின்று அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் மேளம் நிற்கும். கூடியிருப்பவர்கள் எல்லோரும் மூன்று தடவை தலையைத் திருப்பி அவரைப் பார்ப்பார்கள். பிறகு அவருக்கு மாலை போட்டு உட்காரவைத்துவிட்டுத் தாலியைக் கட்டுவார்கள். நிறுத்தாமல் நடந்த கல்யாணம் அங்கே செல்லாது.

இதைப் பூமி வழக்கம் என்று அவர்கள் நம்பியதில் குற்றம் காண முடியாது. தண்பொருநை என்ற அந்தக் கோள் பூமியிலிருந்து பதினெட்டு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பூமியில் இன்று ஏற்றிய விளக்கின் வெளிச்சம் அங்கே போய்ச் சேரப் பதினெட்டு ஆண்டு ஆகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள், மண்ணை விட்டாலும் பேரை விட மனமில்லாமல், ஊர் ஆற்றின் பழைய பேரைக் கோளுக்கு வைத்தார்கள். அங்கே ஆறு மட்டும்தான் கிடையாது. போகிற வழியில் கப்பலின் நினைவகம் கெட்டு, கொண்டுபோன நூலகம் முழுவதும் அழிந்துபோயிற்று. முதல் தலைமுறை கண்ணை மூடிய பிறகு, பூமியில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது ஒன்றுதான். நாள்தோறும் மாலையில் பூமியிலிருந்து வந்து சேரும் இருபத்திரண்டு நிமிட ஒளிபரப்பு. அதில் வந்தது "பந்தக்கால்" என்கிற நெடுந்தொடர்.

ஆவுடைச்செல்விக்கு வயது அறுபது. ஊருக்கு மூச்சுக்காற்று தருகிற பாசித்தொட்டிகளை மேற்பார்வை பார்ப்பது அவள் வேலை. ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பந்தக்காலைப் பார்க்கத் தொடங்கியவள், பிரசவத்துக்குப் படுத்த இரண்டு நாளைத் தவிர ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்த இரண்டு நாளில் நடந்ததையும் கணவன் பிறவிப்பெருமாள் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வசனம் விடாமல் சொல்லியிருந்தான்.

அந்தக் காலத்தில் பூமியிலிருந்து மாதம் ஒரு திரைப்படமும் வரும். ஆவுடைக்குப் படங்களின் மேல் பெரிய மதிப்பு இல்லை. இரண்டரை மணி நேரத்தில் கெட்டவன் திருந்துகிறான், இல்லாவிட்டால் செத்துப்போகிறான். இப்படி எந்த வீட்டில் நடக்கிறது என்று கேட்பாள். படங்களில் அவளுக்குப் பிடித்தது நடுவில் வரும் "இடைவேளை" என்ற எழுத்து ஒன்றுதான். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துபோய் எதையாவது தின்றுவிட்டு வருவார்கள். அதுவும் பூமி வழக்கமாகி, மன்றக் கூட்டம், பரீட்சை, சாவு வீட்டுத் துஷ்டி எல்லாவற்றிலும் பாதியில் இடைவேளை விட்டார்கள். ஆனால் தொடர் வேறு. தொடரில் யாரும் திருந்துவதில்லை, எதுவும் முடிவதில்லை. அதனால்தான் அது உண்மை என்பது ஆவுடையின் கட்சி.

அப்போதெல்லாம் நடுக்குவிமாடத்தில் ஊரே கூடும். ஒரே திரை, இருநூற்றைம்பது பேர். யாராவது இருமினால் முன்வரிசை திரும்பி முறைக்கும். தொடர் முடிந்ததும் ஆரம்பிக்கிற சண்டை சாப்பாடு வரைக்கும் போகும். பிறவிப்பெருமாள் எப்போதும் வில்லன் கட்சி. ஆவுடையைச் சீண்டுவதற்காகவே அவன் அப்படிப் பேசினான் என்பது அவன் செத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது பிள்ளைகள் எல்லோரும் கண்ணகத் திரை பதித்துக்கொண்டுவிட்டார்கள். இமையை மூடினால், அவரவர் ருசிக்கு ஏற்றபடி எந்திரம் அவரவருக்கு ஒரு கதையைக் கட்டித் தருகிறது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்திருக்க முடியாது. "நேத்து பாத்தியா?" என்று யாரையும் கேட்க வழியில்லை. நடுக்குவிமாடத்தில் ஆவுடையும், மன்றத்துக்காகக் குறிப்பெடுக்கிற எழுத்தரும், நாலைந்து கிழடுகளும்தான் மிச்சம்.

இந்த நிலைமையில்தான் அவள் வீட்டில் அந்தச் சிக்கல் முளைத்தது. தண்பொருநையில் ஒரு வீட்டுக்கு மூன்று பேருக்கான காற்றுப்பங்குதான் உண்டு. அவள் வீட்டில் அவள், மகன் சொரிமுத்து, மருமகள் தளிர்மதி. தளிர்மதிக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறந்தால் நாலாவது மூக்கு. பெரியவர்களில் ஒருவர், ஊர் எல்லையில் இருக்கிற ஒற்றைக்குவிமாடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு திரை இருக்கும், பேச ஆள் இருக்காது. குழந்தையையும் தாயையும் பிரிக்க முடியாது. ஆகவே போக வேண்டியது தகப்பனா, பாட்டியா என்பதுதான் கேள்வி.

மன்றத் தலைவர் உச்சிமாகாளி நல்ல மனுஷர், அதனால் சொந்தமாக எதையும் தீர்மானிக்க மாட்டார். பூமி வழக்கம் என்னவோ அப்படியே செய்வோம் என்றார். நல்லவேளையாகத் தொடரிலும் மருமகள் சுடர்விழி கர்ப்பமாக இருந்தாள். நாலு வருஷமாக அவள் கர்ப்பம்தான். என்றாலும் இந்த மாதம் பிறந்துவிடும் போலத் தெரிந்தது. அந்த வீட்டிலும் இடநெருக்கடி. மாமியார் தில்லைநாயகி இருப்பதா போவதா என்று அங்கேயும் பேச்சு நடந்தது. அங்கே ஆகிற முடிவுதான் இங்கேயும் என்று மன்றம் தள்ளிவைத்தது.

ஆவுடை தில்லைநாயகியைப் பற்றி இப்போது நிறைய யோசித்தாள். சின்ன வயதில் அவளைக் கண்டாலே ஆவுடைக்கு ஆகாது. அந்த முழியும், அந்தச் சாவிக்கொத்தும், கூடவே வருகிற உறுமி மேளமும். எப்போது மனசு மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முகங்களைக் கணிப்பொறி வரைவதால் தில்லைநாயகிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நரை கூடவில்லை, பார்க்கிறவளுக்குத்தான் தலை வெளுத்தது. அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுக்களை விளக்கை அணைப்பது யார் என்று ஆவுடை இப்போது கவனித்தாள். எத்தனையோ ஆயிரம் நாள், அது தில்லைநாயகிதான். இதை ஒருத்தரும் ஒரு வசனத்தில்கூடச் சொன்னதில்லை. இவளை யாராலும் வீட்டை விட்டு அனுப்ப முடியாது என்று ஆவுடை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

தளிர்மதி பந்தக்காலைப் பார்த்ததே இல்லை. அவளுக்கு இந்த வம்பே பிடிபடவில்லை.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் அத்தை," என்றாள். "பிள்ளை பெறந்தா நாங்க ரெண்டு பேரும் மூச்சைக் கொஞ்சம் கொறச்சு விடுதோம்."

ஆவுடைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமியார் மருமகள் என்றால் எலியும் பூனையும் என்று பந்தக்கால் போதித்த ஊரில், இப்படி ஒருத்தி தன் வீட்டுக்கு வாய்த்தது எப்படி என்று அவளுக்குப் புரியவேயில்லை.

தண்பொருநையில் தளிர்மதிக்கு ஆண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், திரையில் சுடர்விழிக்கும் பிறந்தது. முடிவு தெரிகிற நாள் என்பதால் நடுக்குவிமாடம் பல வருஷத்துக்குப் பிறகு நிரம்பி வழிந்தது. பச்சை உடம்போடு தளிர்மதியும் வந்து மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டில் ஆடியது, தில்லைநாயகி மெல்ல உள்ளே வந்தாள், அவளை எல்லோரும் பார்த்தார்கள். அந்த இடத்தில் படம் நின்றது. பட்டுப்புடவை உடுத்திய ஓர் அறிவிப்பாளர் தோன்றிக் கும்பிட்டாள்.

"நேயர்களே, பந்தக்கால் வரலாற்றில் முதல் முறையாக, பதினெட்டு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது," என்று சொல்லி அதைப் படித்தாள். "சுடர்விழிக்கு என்றைக்குக் குழந்தை பிறந்தாலும், அன்றைக்கே தில்லைநாயகியை வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். அந்தக் குழந்தை அவள் முகத்தில் விழிக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் எல்லோருடைய கருத்து. இப்படிக்கு, ஆவுடைச்செல்வி, வயது இருபத்து நான்கு, பாசித்தொட்டிப் பிரிவு, தண்பொருநை."

தூரத்து நேயரின் விருப்பத்தைக் கதைக்குழு தலைமேல் ஏற்றுக்கொண்டதாக அவள் அறிவித்தாள். படம் மறுபடி ஓடியது. தில்லைநாயகி சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நடுக்குவிமாடத்தில் அத்தனை தலைகளும் மூன்று தடவை ஆவுடையின் பக்கம் திரும்பின.

ஆவுடைக்கு முதலில் அந்தக் கடிதத்தை எழுதிய பெண் யாரென்றே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிப்போனதற்காக அவளுடைய மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்று மாலை திரையில் தில்லைநாயகியும் சுடர்விழியைப் பார்த்து அதே மாதிரி ஒன்றைச் சொன்னாள். வீட்டு மாமியாரை எதிர்த்துப் பேச முடியாத கோபத்தை ஆவுடை திரை மாமியார்மேல் கொட்டி எழுதினாள். இது போய்ச் சேருவதற்குள் தொடர் முடிந்திராதா என்று பிறவிப்பெருமாள் கேட்டபோது பூமிக்குச் செய்தி அனுப்ப வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விண்ணலைக் கிண்ணத்தின் வழியாக அதைப் பூமிக்கு அனுப்பிவிட்டு வந்து அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுவாரமே அதை மறந்தும்போனாள். கடிதம் மறக்கவில்லை. ஒரு நொடி எங்கும் நிற்காமல் பதினெட்டு வருஷம் போயிருக்கிறது. அதைப் படித்தவர்கள் எடுத்த காட்சி, பதினெட்டு வருஷம் நடந்து திரும்பி வந்திருக்கிறது.

உச்சிமாகாளி எழுந்து தொண்டையைச் செருமினார். வழக்கமும் அதுதான், சம்பந்தப்பட்டவரின் எழுத்துப்பூர்வமான கருத்தும் அதுதான், தான் என்ன செய்ய முடியும் என்று வருத்தப்பட்டார். தளிர்மதிதான் விடவில்லை.

"நான் கேக்கலயே," என்றாள். "எங்க வீட்டுல யாரு இருக்கணும்னு எங்கேயோ இருக்கவங்க என்னத்துக்குச் சொல்லணும்?"

சொன்னவர் எங்கேயோ இருப்பவர் இல்லை, உள்ளூர்தான் என்று எழுத்தர் குறிப்பைப் பார்த்துத் திருத்தினார். ஆவுடை மருமகளின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். சண்டை போட வேண்டும் என்றால் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தியோடு போட வேண்டும். அவள் அப்போது இருந்த வேகத்துக்கு யார் பேச்சையும் கேட்க மாட்டாள் என்பது ஆவுடைக்குத் தெரியும்.

ஒற்றைக்குவிமாடத்துக்குச் சுரங்கவண்டியில் அரை மணிப் பயணம். தளிர்மதி தினமும் மதியத்துக்கு மேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாள். தானே பூமிக்கு ஒரு கடிதம் எழுதப் போவதாகவும், தில்லைநாயகியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். போய் வர முப்பத்தாறு வருஷம் ஆகும் என்று ஆவுடை ஞாபகப்படுத்தினாள்.

"எனக்கு ஒதவாது. ஆனா எழுதுளா," என்றாள். "அது வந்து சேருத நேரம் நீ மாமியாரா இருப்பே. உனக்காவது ஆகட்டும்."

எழுதுவதென்றால் கதை தெரிய வேண்டுமே. அதனால் தளிர்மதி கண்ணகத் திரையை அணைத்துவிட்டு, மாமியாரோடு கட்டிலில் உட்கார்ந்து பந்தக்கால் பார்க்கத் தொடங்கினாள். முதல் வாரம் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டாள். இரண்டாம் வாரம் வசனத்துக்கு முன்னால் வசனம் சொன்னாள். மூன்றாம் வாரம், சுடர்விழியின் புருஷன் வாழைமட்டைபோல நிற்கிறான் என்று திட்டினாள். தொடர் முடிந்த பிறகும் இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டார்கள். ஆவுடை சந்தோஷமாக இருந்தாள். அதை அவள் மருமகளிடம் வாய்விட்டே சொன்னாள். பிறவிப்பெருமாள் போன பிறகு இப்படிப் பார்க்கவேயில்லை என்றாள். பேச ஆளில்லாத இடம் என்று பயந்துபோய் வந்த இடத்தில் அவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்திருந்தது.

கடிதம் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. ஏனென்றால், வெளியே போன தில்லைநாயகி சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வீடு பிடித்து, செவிலியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, பேரன் என்றும் பாராமல் குழந்தையை மாற்றிவைக்கத் திட்டம் போட்டாள். மூன்றாம் மாதக் கடைசியில், துணியில் சுற்றிய வேறொரு குழந்தையோடு அவள் பின்வாசல் வழியாக நுழைந்தாள். உறுமி மேளம் கொட்டியது. "தொடரும்" என்று எழுத்து வந்தது. தளிர்மதி தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இவள இனிமே உள்ள விடவே கூடாது அத்தை," என்றாள்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள் ஆவுடை. அவளுக்கும் முகம் சிவந்திருந்தது. "இவ புத்தி எனக்குத் தெரியாதா?"

கடிதம் அன்றே எழுதப்பட்டது. தளிர்மதி எழுதினாள், ஆவுடை பக்கத்தில் இருந்து சொல்லெடுத்துக் கொடுத்தாள். "திரும்ப விடாதீர்கள்" என்று இருந்ததை "எந்தக் காரணத்துக்காகவும், எவர் சொன்னாலும், சாகும்வரை விடாதீர்கள்" என்று திருத்தியது ஆவுடைதான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பிள்ளையின் வாயைத் துடைத்துவிடுகிற நேரத்துக்குள் அது கோளைத் தாண்டிப் போயிருந்தது. ஒளியைத் துரத்திப் பிடிக்கிற வண்டியை இதுவரை யாரும் கட்டவில்லை. பதில் வந்து சேரும் நாளில் தளிர்மதிக்கு அறுபது வயது நடக்கும், மடியில் கிடக்கிற பயலுக்குப் பிள்ளை பிறக்கிற பருவமாக இருக்கும்.

அந்த மாதிரிக் கணக்கு எதுவும் அப்போது இரண்டு பேருக்கும் ஓடவில்லை. கருத்தைச் சொல்லி முடித்தவர்களுக்கு வருகிற அந்தப் பெரிய நிம்மதியோடு, மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.